ஐரோப்பிய தரிசனம்

இரண்டாம் வருடத்தில் மெய்யியல் படிக்கிற ஒருவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. மூன்றாம் வருடத்தில்தான் லேசாகச் சந்தேகம் தட்டும். இது என் இரண்டாம் வருடத்துக் கதை. இதில் வருகிற என்னை நீங்கள் மன்னிக்கத் தேவையில்லை. நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போது கெம்பஸில் எங்களுக்கு ஒரு சிந்தனை வட்டம் இருந்தது. மொத்தம் நான்கு பேர். (நான்கு பேரை எப்படி உட்கார வைத்தாலும் வட்டம் வராது என்பதை எந்தச் சிந்தனையாளரும் கவனிக்கவில்லை.) கென்டீனில் ஆளுக்கொரு பிளேன்டீயோடு உட்கார்ந்து ஜெர்மனியையும் பிரான்ஸையும் பொழுது சாயும்வரை அலசுவோம். வட்டத்துக்குத் தலைவர், குருவிட்ட என்ற ஊரைச் சேர்ந்த ரவி. 'தலைவர்' என்பது அதிகாரத்தின் சொல் என்று அவர் கோபிப்பதால் அப்படிக் கூப்பிடமாட்டோம். ஆனால் அவர் சொன்னதைத்தான் செய்வோம். நெஞ்சுவரை தாடி, காவி நிற ஜிப்பா, எதைக் கேட்டாலும் கண்ணை மூடி ஒரு நிமிடம் மௌனம்.

பொதுப் பட்டம் என்றால் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் என்றால் நான்கு. எனக்கு நான்காவது வருடம் வேண்டும். எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்து பால் வெட்டுகிற என் அப்பாவுக்கோ, நான் சீக்கிரம் டீச்சராக வேண்டும்.

"நீ என்னா படிக்கிறன்னு ஆளுக கேட்டா நான் என்னா சொல்றது?" என்றார்.

"மெய்யியல்ப்பா."

"அப்ப மத்த புள்ளைங்க படிக்கிறதெல்லாம் பொய்யியலா?" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. "லயத்து ஆளுகளுக்கு வெளங்குற மாதிரி ஒருதடவ பேசிக் காட்டு. வெளங்கிருச்சுன்னா நாலு வருஷமும் படி. இல்லாட்டி மூணோட நிறுத்திக்க."

இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா? கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோதுதான் 'மெய்யியல்' வேண்டாம், அம்மாவைப் போல எல்லோரும் கேலி செய்வார்கள் என்று தோன்றியது. எங்கள் பாடத்துக்குச் சிங்களத்தில் 'தர்ஷனய' என்று பெயர். சிங்கள நண்பர்களோடு நாளெல்லாம் 'தர்ஷனய, தர்ஷனய' என்றே பேசியதில், தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதன் வாலை வெட்டித் தமிழாக்கினேன். (அன்றைக்கு அதை என் மொழித்தொண்டு என்றே நினைத்தேன்.)

'ஞாயிறு காலை பத்து மணிக்கு, கோயில் மண்டபத்தில், ஐரோப்பிய தரிசனம். அனைவரும் வருக.'

அடியில் சிங்களத்திலும் அதையே எழுதி, கோயில் வாசலில் ஒன்றும் றோட்டோரத்துப் பியதாஸவின் கடையில் ஒன்றும் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தோடு நான் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்கள் தலைக்குக் குளித்துச் சேலை கட்டி, கையில் தேங்காய் பழத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சிந்தனையாளர்களுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரவி தாடியைத் தடவியபடி உள்ளே வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. முதல் ஆளாக ஓடிப்போய் அவர் காலில் விழுந்தது என் அம்மா.

மனிதன் மனிதனுக்கு முன் குனியக் கூடாது என்று இரண்டு வருடமாக எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் ரவி. கண்ணை மூடி ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். பிறகு கையை உயர்த்தி, "நல்லா இருங்கம்மா" என்றார். அதன்பின் அவருக்கு முன்னால் வரிசையே நின்றது.

நான் அவசரமாகப் பேச்சைத் தொடங்கினேன். "இன்று நாம் பார்க்கப்போவது, இன்மை."

முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டுச் சரசக்கா, "சாமி எப்ப வரும் புள்ள?" என்றார்.

"யாரும் வரமாட்டாங்கக்கா."

"அப்ப என்னாத்தப் பாக்குறது?"

"இல்லாததத்தான்."

"காலையிலருந்து பல்லுல பச்சத்தண்ணி படாம வந்து ஒக்காந்திருக்கோம், இல்லாததப் பாக்கவா?"

மண்டபம் கொதித்தது. அந்தச் சத்தத்துக்குள் கடைசி வரிசையில் பியதாஸ கொப்பியும் பேனையுமாக எழுந்து நின்றார். "துவே... மகள், நான் தர்ஷனய கேக்கத்தான் வந்தது. எப்ப தொடங்குற?" எங்கள் நோட்டீசைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர். அதைச் சிங்களத்தில் வாசித்திருந்தார்.

அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் பூசாரி மணியை அடித்துவிட்டார். "வந்த சனத்த சும்மா அனுப்ப ஏலாது" என்று திரையை விலக்க, ஐரோப்பாவின் இடத்தில் மாரியம்மன் தரிசனம் தந்தாள். ரவி எல்லோருக்கும் திருநீறு பூசிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் ஏறினார்.

நான் அப்பாவைத் தேடினேன். தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. நாலாவது வருடம் போயே போய்விட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நாலு வருஷமும் படி."

"வெளங்கிருச்சாப்பா?"

"நல்லாவே வெளங்கிருச்சு. ரெண்டு வருஷம் படிச்சும் தரிசனம்னா என்னான்னு ஒனக்குத் தெரியல. மூணு வருஷம் எப்புடிப் பத்தும்?"

சிறப்புப் பட்டம் கிடைத்தது. இன்று இரத்தினபுரியில் அதே பாடத்தைத்தான் படிப்பிக்கிறேன். போன மாதம் ஊருக்குப் போவதற்காக எஹலியகொடை பஸ் என்று நினைத்து, நேர் எதிர்த்திசையில் போகும் பலாங்கொடை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெல்மதுளையில் இறங்கி, வரத் தாமதமாகும் என்று வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னது மட்டும் போனில் தெளிவாகக் கேட்டது:

"அப்பவே சொன்னேன்ல, அஞ்சாவது வருஷமும் படிக்க வச்சிருக்கணும்."