அட்மின் அண்ணன் வாசலுக்கே வருவார்

வலைப்பூ நடத்தியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் கமெண்ட்டில் சண்டை வந்தால் மொபெட்டை எடுத்துக்கொண்டு சண்டைக்காரர் வீட்டு வாசலிலேயே போய் நின்றவர், எனக்குத் தெரிந்து, விருத்தாசலம் அட்மின் அண்ணன் ஒருவர்தான். இன்னொருவர் எங்காவது இருந்தால் அவரையும் அவர் மனைவி நன்றாகத் திட்டியிருப்பார்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. செராமிக் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, மீட்டர் பலகையில் மாட்டுகிற பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்துகொண்டிருந்தார். பக்கத்து ஷெட் பொம்மைக் கம்பெனி. அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். ஊரே வாட்ஸப்பில் காலை வணக்கம் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் ‘வெள்ளைமண்’ என்று ஊருக்கென ஒரு வலைப்பூ தொடங்கினார். இந்தக் காலத்தில் இது எதற்கு என்று கேட்டேன்.

“வாட்ஸப்புல எழுதுனது சாயங்காலத்துக்குள்ள மேல ஏறிப் போயிடுது தங்கச்சி. இது போட்ட எடத்துலயே இருக்கும்” என்றார்.

வலைப்பூவை வளர்க்க அவர் கண்டுபிடித்த வழி, ஃப்யூஸ் கேரியர் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு போடுவது. ‘உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்’ என்று எழுதி, கீழே வலைப்பூ முகவரி. ஃப்யூஸ் போய் இருட்டில் நிற்கிறவன் சீட்டைப் படித்துக் கட்டுரையா எழுதுவான் என்று நாங்கள் சிரித்தோம். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியன் எழுதினார். தான் வாங்கிய ஷாக்குகளைப் பற்றி ஒரு தொடரே எழுதினார். அதற்குத்தான் கூட்டம் அம்மியது.

ஆள் சேர்ந்தால் சண்டையும் சேரும். கமெண்ட்டை அழிப்பதே கிடையாது என்பது அண்ணனின் சட்டம். “கமெண்ட்ட அழிச்சிடலாம். கோவம் அங்கதான இருக்குது” என்பார். மங்கலம்பேட்டைக்காரர்கள் இரண்டு பேர் யார் வீட்டு பிரியாணி உசத்தி என்று ஒரு வாரம் மோதிக்கொண்டார்கள். அண்ணன் நேரில் போய் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வந்து, ‘இரண்டும் நன்று, சண்டை முடிந்தது’ என்று போட்டார். இன்னொருவர் துபாயில் உட்கார்ந்துகொண்டு கண்டபடி எழுதினார். அங்கே மொபெட் போகாது. ஆகவே மங்கலம்பேட்டையில் அவருடைய அம்மாவைப் போய்ப் பார்த்து, மகனின் கமெண்ட்டை ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினார். அந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டு மகனிடம் பேசினார். பேசி முடிப்பதற்குள் துபாய்க்காரர் கமெண்ட்டைத் தானே எடுத்துவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் மாட்டினேன். எழுதிக் குடு, எழுதிக் குடு என்று மதியச் சாப்பாட்டைச் சாப்பிட விடாமல் நச்சரித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வரவு செலவுதான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருக்கத்தான் செய்தது. எங்கள் கம்பெனிப் பூனையைப் பற்றி எழுதினேன். வைக்கோல் போட்ட பொம்மைப் பெட்டிக்குள் அது குட்டி போட்டது, ஒரு குட்டி இருப்பது தெரியாமலேயே பெட்டியைக் கட்டி லாரியில் ஏற்றியது, தாய்ப்பூனை லாரியின் பின்னால் கேட் வரைக்கும் ஓடியது, எல்லாம் எழுதினேன். ‘லாரி போய்விட்டது. மீதி உங்கள் கற்பனைக்கு’ என்று முடித்தேன். அந்தக் கடைசி வரியை நானே பல தடவை படித்து ரசித்தேன். பெரிய எழுத்தாளர் ஆகிவிட்டதாகவே நினைப்பு.

பதிவு வெளியானதும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அருமை, அருமை, அருமை என்று வரிசையாக வந்தது. நாத்தனார் கும்பிடும் கை போட்டார். என் வீட்டுக்காரரும் ஒரு அருமை போட்டார். அதற்கு அடியில் ‘கஷாயம்’ என்ற பெயரில் ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார்: ‘பாதியில் விட்டுவிட்டு ஓடுவதற்கு எதற்கு எழுத வேண்டும்? இந்த நேரத்துக்கு வீட்டில் நாலு பாத்திரம் கழுவியிருக்கலாம்.’

எனக்கு வந்த அழுகையும் ஆத்திரமும் சொல்லி முடியாது. மறுநாள் அண்ணனிடம் போய், இனி செத்தாலும் ஒரு வரி எழுத மாட்டேன், அந்தப் பதிவையும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு என்று மட்டும் சொன்னார்.

கஷாயம் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. முன்பொரு தடவை கருவேப்பிலங்குறிச்சி பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று கஷாயம் புலம்பியது அண்ணனுக்கு நினைவிருந்தது. நேராக அந்த ஊர் டீக்கடைக்குப் போய், எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற ஆள் இங்கே யார் என்று கேட்டிருக்கிறார். மூன்று பேர் இருக்கிறார்கள், உங்களுக்கு எவர் வேண்டும் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டாராம். போனைப் பார்த்துக்கொண்டே குறை சொல்கிறவர் என்றதும் கைகாட்டி அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். வாசலில் மொபெட் நின்றது. பின்சீட்டில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர், மடியில் பூசணிக்காயோடு உட்கார்ந்திருந்தார்.

“தங்கச்சி, இவருதான் கஷாயம்” என்றார் அண்ணன், மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவதுபோல.

அரிவாள்மணையை ஒருதரம் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் வீடு தேடி வந்தவரை எப்படி விரட்டுவது? என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். காபி கொடுத்தேன், வேண்டுமென்றே சர்க்கரையைக் குறைத்து. பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, சக்கரை கம்மியா இருக்குது என்றார். ஆள் இவர்தான், சந்தேகமில்லை.

இத்தனை பேர் நன்றாயிருக்கிறது என்று சொன்னதை இவர் ஒருவர்தான் கெடுத்தார் என்று அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன்.

“அருமைன்னு போட்டவங்க யாரு கடைசி வரைக்கும் படிச்சாங்க? கடைசி வரியப் பாத்து கோவம் வரணும்னா, கடைசி வரிக்கு வந்திருக்கணும் இல்ல?” என்றார் அண்ணன்.

நான் விடவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, லாரியில் போனதே அந்தக் குட்டி, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எந்தக் குட்டி?” என்றார் அவர்.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பாத்திரம் கழுவச் சொன்னது தப்புதாங்க. அன்னிக்குப் பூரா மனசே சரியில்ல. குட்டி என்னாச்சுன்னு சொல்லாம வுட்டுட்டா நாங்க என்னான்னு நெனைக்கிறது?”

பூனைக்காக ஒருவர் பஸ் பிடிக்காமல் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, பூசணிக்காயைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். குட்டி என்ன ஆனது என்று முழுதும் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டார். மீதிக் காபியையும் குடித்தார். இதை அப்படியே எழுதிக் குடு என்றார் அண்ணன். அந்த வாரமே எழுதிக் கொடுத்தேன். முதல் கமெண்ட் கஷாயத்துடையதுதான்: ‘லாரி எந்த நிறம் என்று சொல்லவில்லை.’

அன்றைக்கு அந்த மொபெட் வரவில்லை என்றால் நான் கணக்கோடு நின்றிருப்பேன். இந்தப் பத்தியும் இல்லை, இதைப் படிக்க நீங்களும் இல்லை.

வீட்டுக்காரருக்கு மாற்றலாகி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். எழுதுவதற்கெல்லாம் ‘அருமை மேடம்’ என்று வருகிறது. நாத்தனார் இன்னும் கும்பிடும் கை போடுகிறார். வாசலுக்கு வந்து ஏன் என்று கேட்க ஒருவருமில்லை. அது எனக்குப் பெரிய குறையாகத்தான் இருக்கிறது.

அந்தக் குட்டி என்ன ஆனது என்று இதில் நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மறந்துபோய் அல்ல. இந்தப் பத்திரிகை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் கிடைக்கிறது. அட்மின் அண்ணன் வாங்கிப் படிப்பார். திரும்பவும் பாதியில் விட்டுவிட்டாள் பார் என்று கோபம் வரும். கஷாயத்தையும் கூட்டிக்கொண்டு ரயிலேறுவார். என் முகவரி அவரிடம் இருக்கிறது. வாங்க அண்ணே, இந்தத் தடவை சர்க்கரை சரியாகப் போடுகிறேன்.