மூன்றாவது தாமஸ்

அன்றைக்கு அந்த முதியோர் இல்லத்தின் பார்வையாளர் அறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: சக்கர நாற்காலியில் பெரியவர் வால்ட்டர், பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவர் தங்கை டாரத்தி அம்மாள், எதிரே ஒரு நீளமான காகிதச் சுருளை மேஜைமேல் விரித்துக்கொண்டிருந்த மூலப்பத்திரம், எந்த நிமிஷமும் அப்பாவின் வாயைப் பொத்தத் தயாராக அவர் மகன் செந்தில், கதவோரமாக, வெளியே ஓடத் தயாராக நான். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் கொடுத்த கையோடு போய்விட்டதால் சேர்க்கவில்லை.

மூலப்பத்திரம் யாரென்று சொன்னால்தான் மற்றது புரியும். டெக்சாஸுக்கு எத்தனையோ பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். இறங்கிய அன்றே, இந்த மாநிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று விசாரித்து, பதில் திருப்தியில்லை என்று முகத்தைச் சுளித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதியவர். யார் எதை விற்க வந்தாலும், அது அவனுக்கு எப்படி வந்தது, அவனுக்கு விற்றவனுக்கு எப்படி வந்தது என்று பின்னாலேயே நடந்துபோய், முதல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். அந்த முதல் பத்திரத்துக்குத்தான் மூலப்பத்திரம் என்று பெயர். டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் எங்கள் அபார்ட்மெண்ட் பையன்கள் அந்தப் பெயரை அவருக்கே வைத்துவிட்டார்கள். அவருடைய நிஜப்பெயர் செந்திலின் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயராக மட்டும்தான் இருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷ வாக்கில், மகனோடு ஆறு மாசம் இருந்துவிட்டுப் போக வந்தார். முதல் நாளே வாடகை ஆபீஸுக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம், இந்த நிலத்தை உங்கள் கம்பெனி யாரிடம் வாங்கியது என்று கேட்டார். அந்தப் பெண் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு மறுபடியும் கேட்டார். பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய சாமான்களை வாசலில் போட்டு விற்றபோது, ஒரு மேஜை விளக்கைத் தூக்கிப் பார்த்து, "இது உங்களுக்கு எப்படி வந்துச்சுங்க?" என்றார். "என் மாமியார் கொடுத்தது" என்றார் அவர். "மாமியாருக்கு வேற வாரிசு இருக்குதுங்களா?"

நான் அப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு இந்தியன் ரெஸ்டாரண்டில் சமையல்காரன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விசா, கார், அடுப்பு, முதலாளி என்று கவலைப்பட எனக்கு ஏற்கெனவே நிறைய இருந்தது. அதில் இவர் ஒருநாள் சமையலறைக்குள் எட்டிப்பார்த்தார்.

"ஏந்தம்பி, இந்தக் கட்டடம் யார் பேருல இருக்குதுங்க?"

"தெரியாதுங்கய்யா."

"தெரியாத எடத்துலயா அடுப்பப் பத்த வெச்சிருக்கீங்க?"

சாப்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு ஒரு வாரம் தூக்கம் போனது.

அவருக்கு டாரத்தி அம்மாள் கிடைத்தது, எல்லோரும் துணி துவைக்கிற பொது அறையில். கீழ்வீட்டில் தனியாக இருந்த ரிட்டயர்டு டீச்சர். துணி காய்கிற வரைக்கும் ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பழைய காகிதங்களை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே கிடந்த காகிதத்தில் 'உயில்' என்ற வார்த்தையை இங்கிலீஷில் பார்த்ததும், நம் ஆள் ஈரத் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்குச் செந்திலின் சட்டைகள் சாயந்திரம் வரை ஈரமாகவே கூடையில் கிடந்தன.

விஷயம் இதுதான். டாரத்தி அம்மாளின் அப்பா, தங்கள் ஆல்டர்டன் குடும்பம் இங்கிலாந்தில் சஃபோக் ஜில்லாவில் 'யோமன்' குடும்பம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அங்கிருந்து அமெரிக்கா வந்தவரிலிருந்து பின்னால் போய், ஜான் ஆல்டர்டன் என்பவர் வரைக்கும் காகிதம் பக்காவாக இருந்தது. அந்த ஜானுடைய அப்பா, உயில் எழுதிவைத்த யோமன் தாமஸ்தானா என்பதுதான் தெரியவில்லை. அண்ணன் வால்ட்டருக்கு எண்பது தாண்டிவிட்டது, நெஞ்சு சரியில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடுகிற ரீயூனியன் ஜூனில் வருகிறது. அதற்குள் 'அப்பா சொன்னது நிஜம்தான்' என்று அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அந்த அம்மாளுடைய ஆசை.

"யோமன்னா என்னங்கய்யா?" என்று கேட்டேன்.

"பட்டாதாரர் தம்பி. சொந்தக் காடு, சொந்த ஏரு. ஜமீனும் இல்ல, கூலியும் இல்ல. நம்மாளுதான்."

அந்த 'நம்மாளு'வில் தொடங்கியது எனக்குக் கஷ்டகாலம். திங்கட்கிழமை எனக்கு லீவு. செந்தில் லாஸ் கொலினாஸில் ஆபீஸில் இருப்பான். ஆகவே என்னுடைய ஓட்டைக் காரில் டவுன்டவுன் நூலகத்துக்கு இவர்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போகிற வேலை என் தலையில் விழுந்தது. அங்கே ஒரு மாடி முழுக்கக் குடும்ப வரலாறு. இங்கிலாந்து மாதாகோயில்களின் ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு, அடக்கப் பதிவு எல்லாம் சினிமா ரீல் மாதிரிச் சுருளில் இருக்கும். ஒரு மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றுவது நான். ரீல் அறுந்தால் இங்கிலாந்து ராணிக்கு யார் பதில் சொல்வது என்று கவலை வேறு. "மெதுவாங்க தம்பி, ஒரு தலைமுறையத் தாண்டிப்போட்டீங்க" என்பார் அவர்.

எழுத்துகளை டாரத்தி அம்மாள் படித்துச் சொல்வார். தீர்ப்பு இவர் சொல்வார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களைப் பற்றி, எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். ஒரு ஆல்டர்டன் தன் உயிலில் மகளுக்குப் பித்தளை அண்டாவும் ஒரு பசுவும், மூத்த மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங்கும் எழுதிவைத்திருந்தார்.

"பாருங்க, மூத்தவன் என்னமோ வம்பு பண்ணீருக்கான். இல்லாட்டி பெத்தவன் இப்படி எழுதுவானுங்களா? பொண்டாட்டி பேச்சக் கேட்டுப்போட்டான்."

"எங்கய்யா அப்படி எழுதியிருக்கு?"

"எழுதமாட்டாங்க தம்பி. நாமதான் படிக்கோணும்."

டாரத்தி அம்மாளுக்கு இவருடைய இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனால் 'மேடம், திஸ் எல்டர் சன் இஸ் நாட் குட்' என்று இவர் தலையை ஆட்டியபோது, அந்த அம்மாளும் சொந்த அண்ணன் கெட்டுப்போன மாதிரி உச்சுக்கொட்டினார்.

மே மாசம்தான் தேடிய பக்கம் ரீலில் வந்தது. யோமன் தாமஸ் ஆல்டர்டனுக்கும் மனைவி மேரிக்கும் ஜான் என்று ஒரு குழந்தை ஞானஸ்நானம். டாரத்தி அம்மாள் கை தட்டியே விட்டார். நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ரீலைச் சுற்றினேன். இரண்டு மாசத்தில் அதே ஜான் அடக்கப் பதிவில் இருந்தான். கைக்குழந்தை.

இன்னும் சுற்றினேன். நாலு வருஷம் கழித்து, தாமஸ் ஆல்டர்டனுக்கும் மேரிக்கும் ஜான் என்று இன்னொரு குழந்தை. டாரத்தி அம்மாளின் ஜான் இவன்தான். ஆனால் இந்தத் தடவை தகப்பனுடைய தொழிலை எழுதாமல் விட்டிருந்தார் பாதிரியார்.

"இப்படித் தொழில் எழுதாத பத்திரம் என்ற கிட்ட வந்திருந்தா திருப்பி அனுப்பீருப்பேன்" என்றார் மூலப்பத்திரம். வரும் வழியில் காரில் தீர்ப்பு சொன்னார். "இந்த ஜான் அந்த யோமன் பையன் இல்லீங்க தம்பி."

"அதே பேருதானேங்கய்யா?"

"அதுனாலதான் இல்லீங்கறேன். தங்காமப் போன கொழந்த பேர எவனாச்சும் அடுத்த கொழந்தைக்கு வெப்பானுங்களா? வாயில வருமா? அது ஆகாதுங்க."

அதே ஊரில் கூலிக்கு உழுத இன்னொரு தாமஸ் ஆல்டர்டன் இருந்தான். அவன் மனைவியும் மேரி. அந்த ஊரில் பெண்களுக்கு வேறு பெயரே கிடையாது போலிருக்கிறது. மூலப்பத்திரம் ஜானைத் தூக்கி அந்தக் கூலிக்காரனிடம் கொடுத்துவிட்டார். யோமன் தாமஸின் உயிலாவது காப்பாற்றுமா என்றால், அதில் 'என் பிள்ளைகளுக்குச் சமமாக' என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

விஷயம் தெரிந்து செந்தில் சண்டைக்கு வந்தான். அப்பா எழுதிவைத்திருந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டான். "அப்பா, அந்தக் கூலிக்காரத் தாமஸ், ஜான் பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே செத்துட்டான். டேட் இருக்கு. அவனுக்கு எப்படிப்பா புள்ள?"

மூலப்பத்திரம் கண்ணை மூடி யோசித்தார். "அப்ப இது மூணாவது தாமஸ்."

"மூணாவது தாமஸா? அவனுக்கு என்ன ரெக்கார்ட்?"

"ஏன், ஒரு ஊர்ல மூணு தாமஸ் இருக்கப்படாதா? எங்கூர்ல பழனிச்சாமி மட்டும் பதினோரு பேரு."

கல்யாணம் இல்லை, அடக்கம் இல்லை, உயில் இல்லை, கோழிக்குஞ்சு கூட இல்லை. எந்தப் பதிவிலும் இல்லாத ஒரு மனிதன், ஆதாரம் இல்லாமல் தண்ணீர் கூடக் குடிக்காத ஒருவருடைய கையால் அப்படிப் பிறந்தான். பிறந்த கையோடு, அவர் வம்சாவளி எழுதிவந்த காகிதச் சுருளில் சிவப்பு மையில் ஏறியும் விட்டான்.

"டாரத்தி ஆன்ட்டி எவ்வளவு ஃபீல் பண்ணுவாங்கப்பா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி எழுதக் கூடாதா?" என்றான் செந்தில்.

"பொய்ப் பத்திரம் எழுதச் சொல்றியா கண்ணு?" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. செந்தில் நோட்டுகளை மூடி வைத்தான்.

ரீயூனியனுக்கு முந்தின வாரம், அண்ணன் எதிரிலேயே முடிவைக் கேட்க வேண்டும் என்று டாரத்தி அம்மாள் எங்கள் எல்லோரையும் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனார். முடிவு என்னவென்று அவருக்குத் தெரியாது. போகும் வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். கிழவருக்கு நெஞ்சு பலவீனம். கேட்ட அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் வரும். இந்தியன் எத்தனை பேர், கார் யாருடையது என்று கேட்பார்கள். அதனால்தான் கதவோரம் நின்றேன்.

மூலப்பத்திரம் சுருளை விரித்தார். ஆபீஸ் வாசலில் கட்சிக்காரருக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். ஜான் வரைக்கும் சுத்தம். அதற்கு மேலே யோமன் தாமஸோடு தொடர்பு இல்லை. உங்கள் முன்னோர் அநேகமாகக் கூலிக்காரர். வருந்துகிறேன்.

டாரத்தி அம்மாள் அண்ணனைப் பார்த்தார். வால்ட்டர் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவை நினைத்தாரோ என்னமோ, தாடை மட்டும் ஆடியது. நான் நர்ஸ் எந்தப் பக்கம் போனாள் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

கடைசியில் கிழவர் கேட்டார். அவர் பேசியது எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். "ஏன் இல்லை என்கிறீர்கள்?"

"சார், ஃபர்ஸ்ட் ஜான் டைட். நோ ஃபாதர் வில் கிவ் தட் நேம் அகெய்ன்."

வால்ட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்து, "இவருக்கு நீ சொல்லவில்லையா?" என்றார்.

"எதை?"

"நான் இரண்டாவது வால்ட்டர் என்று."

எனக்கு முன்னால் ஒரு வால்ட்டர் பிறந்தான் என்றார் கிழவர். மூன்று வாரம் இருந்தான். அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் இருக்கிறான். அவனுக்குச் சின்னக் கல் கிடைத்தது, எனக்குப் பெயர் கிடைத்தது. அவ்வளவு நல்ல பெயரை மண்ணுக்குள் விட்டுவிட மனசு வரவில்லை என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

மூலப்பத்திரம் கிழவரை உற்றுப் பார்த்தார். பிறகு தமிழிலேயே என்னிடம் கேட்டார். "தம்பி, இவருக்கு இப்ப என்ன வயசு?"

"எண்பத்தொண்ணுங்கய்யா."

"எம்பத்தொண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "நல்லாத்தான் தங்கியிருக்காரு."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தானே பெற்ற மூன்றாவது தாமஸைத் தானே அடித்தார். ஒரு கோடு போதாதென்று குறுக்கே இன்னொரு கோடும் போட்டார். கூலிக்காரத் தாமஸ் செத்துப்போனவன். மிஞ்சியவர் ஒரே ஒரு தாமஸ். யோமன் தாமஸிலிருந்து ஜானுக்கு ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். அப்புறம் எழுந்து போய்க் கிழவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார். க்ளியர் டைட்டில்."

வில்லங்கம் இல்லாத சொத்துக்குச் சொல்கிற அந்த வார்த்தைக்கு டெக்சாஸ்காரரிடம் விளக்கம் தேவைப்படவில்லை. வால்ட்டர் தோள் குலுங்கச் சிரித்தார். டாரத்தி அம்மாள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. செந்தில் தன்னுடையதைக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரைப் பூங்காவில் ரீயூனியன். எழுபது எண்பது ஆல்டர்டன்கள், எல்லோரும் ஒரே மாதிரிப் பச்சை பனியன், முதுகில் குடும்பப்பெயர். மூலப்பத்திரத்துக்கும் ஒன்று கொடுத்தார்கள். வேட்டிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, பார்பெக்யூ புகைக்கு நடுவே ஒவ்வொருவரையும் நிறுத்தி, நீங்கள் ஜானுடைய எந்தப் பிள்ளை வழி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தெரியாதவர்களைக் காகிதச் சுருளுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். வால்ட்டர் நாற்காலியில் இருந்தபடியே வருகிறவர்களை அவர் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

வால்ட்டர் அந்த வருஷம் தாண்டவில்லை. மூலப்பத்திரம் ஊருக்குப் போன பிறகு செந்தில் ஒருநாள் சொன்னான். கோபியில் காலை நடைக்கு அந்தப் பச்சை பனியனைத்தான் போட்டுக்கொண்டு போகிறாராம். யாராவது கேட்டால், "பங்காளி ஊட்டு விசேஷத்துல குடுத்ததுங்க" என்கிறாராம்.

எனக்கும் அவருக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. ஆனால் யாராவது கேட்டால், அவர் எங்கள் பெரியப்பா என்றுதான் நான் சொல்கிறேன். அவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆதாரம் கேட்பார்.