கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கா?

கல்யாணமே ஆகாமல் ஊர் முழுக்கச் சம்பந்தி வீடு வைத்திருக்கும் ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, சிவகாசியில்தான் இருக்கிறார். பெற்றோர் வைத்த பேர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் மாமனார். முதலாளி கூப்பிடுவதும் மாமனார், டீக்கடையில் கூப்பிடுவதும் மாமனார். ஒரு முறை பேங்கில் டோக்கன் கூப்பிட்ட பெண்ணே வாய் தவறி, "மாமனார், மூணாவது கவுண்டருக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுப் போனதாக ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்தோம். நான் தினசரித் தாள்களுக்குப் புரூப் பார்ப்பவன். அதாவது, ராகு காலம் போய் எமகண்டத்தின் இடத்தில் உட்கார்ந்துவிடாமல் காவல் காக்கிற உத்தியோகம். அவர் கட்டிங் மெஷின் மாஸ்டர். வாட்டசாட்டமான உடம்பு, முறுக்கு மீசை. ஊர் எல்லையில் நிற்கிற காவல் சாமி, குதிரையை எங்கேயோ நிறுத்திவிட்டு ஷிப்டுக்கு வந்தது போல இருப்பார். ஆனால் சட்டைப் பைக்குள் எப்போதும் ஏதாவது ஒன்று நெளிந்துகொண்டே இருக்கும். அது நாய்க்குட்டி.

சின்ன நாய்கள் மட்டும்தான் அவர் இலாகா. பெரிய நாய் எப்படியும் பிழைத்துக்கொள்ளும், சின்னதுக்குத்தான் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுக்குக் கீழே, சாக்கடை ஓரத்தில், லாரி ஷெட்டில் என்று எங்கே ஒரு முனகல் கேட்டாலும் அவர் சைக்கிள் நின்றுவிடும். ஆனைக்குட்டம் அணைக் கரையில் யாரோ ஒரு பொமரேனியனைக் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனபோது நாள் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தார்.

"குட்டியா இருக்கையில மடியில வச்சுப் போட்டோ எடுத்தாக. முடி கொட்டவும் கொண்டாந்து விட்டுட்டாக. ஏன் தம்பி, இவுகளுக்கு முடி கொட்டலையா?"

நான் என் முன்நெற்றியைத் தடவிக்கொண்டேன்.

கட்டிங் மெஷினில் விழும் ஓரத் துண்டுகள்தான் குட்டிகளுக்கு மெத்தை. அதிலும் ஒரு ஆசாரம் உண்டு. சாமி படத் துண்டு எதுவும் மெத்தையில் சேரக்கூடாது. வேல் நுனி, மயில் தோகை, லட்சுமியின் தாமரை இதழ் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, ஊட்டி மலை, சுவிட்சர்லாந்து ஏரி, குழந்தை படம் இவற்றின் துண்டுகளைத்தான் போடுவார். தெருவில் கிடந்த குட்டிகள் இப்படித்தான் சுவிட்சர்லாந்தில் படுத்துத் தூங்கின. பகலில் அச்சகம், இரவில் அவருடைய ஒற்றை அறை. ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

ஊசி, புழு மருந்து எல்லாம் முடிந்து குட்டி தேறியதும் மாமனாருக்கு விசாரம் பிடித்துவிடும். வரன் பார்க்க வேண்டுமே. ஆண் குட்டியாக இருந்தாலும் அவருக்குப் பொண்ணுதான். முதலில் என் மேஜைக்கு வருவார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை சாயந்தரம் நல்ல நேரம் எப்பம்?"

"நாலே முக்காலுக்கு அண்ணாச்சி."

"ஷிப்டே அஞ்சரைக்குத்தான முடியுது. ஆறு மணிக்குத் தள்ளிப் போடுங்க."

"அதெப்படி அண்ணாச்சி தள்ளிப் போடுறது?"

"காலண்டரே நீங்கதான போடுறீக. ஒரு பிள்ளையோட வாழ்க்கை தம்பி இது."

ஆமத்தூரில் நிலபுலன் உள்ள ஒரு குடும்பம் குட்டி கேட்டபோது வீடு பார்க்க என்னையும் துணைக்கு இழுத்துப் போனார். வீட்டுக்காரர் காபி கொடுத்தார். பேச்சு முடியாமல் கை நனைக்கக்கூடாது என்று மாமனார் தம்ளரைத் தொடவில்லை. மரியாதைக்கு நானும் தொடவில்லை. நல்ல டிகிரி காபி ஆறிப்போனது.

"வீட்டுல யாரு யாரு இருக்கீக? யாருக்கும் முன்கோவம் உண்டா? பிள்ளைக்குப் பழையது போடுவீகளா, சுடுசோறா?" என்று விசாரணை போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பொண்ணு கேட்க வந்தவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். கடைசியாகத்தான் மாமனார் முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"கட்டிலுக்கு அடியில இடம் இருக்கா?"

"அங்கன வெங்காயம் போட்டிருக்கோம்."

"வெடிச் சத்தம் கேட்டா பிள்ளை எங்கன போய் ஒளியும்?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் அப்படியே தரையில் படுத்துக் கட்டிலுக்குக் கீழே நகர்ந்துவிட்டார். அளவு பார்க்கிறாராம். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்திலிருந்து வந்த வீட்டுக்கார அம்மா, கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார். மூலையில் இருந்த உலக்கையைக் கையில் எடுத்தார். நானும் வீட்டுக்காரரும் குறுக்கே விழுந்து தடுப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது. இது எதுவும் தெரியாமல் கீழேயிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"இடம் தாராளம். வெங்காயத்தை மட்டும் எடுத்துருங்க. நாய்க்கு ஆகாது."

பெண்ணைக் கொடுத்தால் போதுமா, தலை தீபாவளி உண்டே. அதற்கும் மாமனார் ஒரு வழி வைத்திருந்தார். தீபாவளி அன்று சிவகாசியில் அச்சகம் கிடையாது. குடோன் சாவி மட்டும் அவரிடம் இருக்கும். கூரை வரைக்கும் அடுக்கிய காகிதக் கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் வெளியே உலகமே வெடித்தாலும் உள்ளே தலையணைக்குள் தும்முவது போலத்தான் கேட்கும். விடிந்ததும் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் சம்பந்திகள் வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு மடியிலும் ஒன்று. மாமனார் புது வேட்டியோடு வாசலில் நின்று, "வாங்க வாங்க, பிள்ளை இளைச்சிருக்கே" என்பார். பந்து போல உருண்டிருக்கும் நாயைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார். பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன சொல்வார்.

அந்தச் சம்பந்திகளில் தலையாயவர் எஸ்தர் அக்கா. ஆஸ்பத்திரி நர்ஸ். அணைக் கரையில் கிடைத்த பொமரேனியன் அவர் வீட்டில்தான் வாக்கப்பட்டிருந்தது. மாமனாரை எதிர்த்துப் பேசும் தைரியம் சிவகாசியில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

எல்லாப் பெண்களும் நல்லபடியாகக் குடித்தனம் பண்ண, சரசு மட்டும் மாமனாரின் நெஞ்சில் பாரமாக இருந்தாள். கைக்கடக்கமான செம்பட்டை நிறக் குட்டி. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது படுத்திருக்கும். குணத்தில் தங்கம். ஆனால் எங்கேயாவது ஒரு வெடி வெடித்தால் போதும், புறப்பட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளைக் கொடுத்தது நாரணாபுரத்தில். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கை வெடித்துப் பார்க்காத நாள் அங்கே ஏது. கேட்டுக்கு அடியில் நுழைந்து, மெயின் ரோட்டிலேயே ஓடி, மூச்சிரைக்கக் குடோன் வாசலில் வந்து படுத்துக்கொள்வாள். மாமனார் ஆப்பிளும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு சமாதானத்துக்குப் போவார்.

"சின்னப்பிள்ளை, ஏதோ கோவத்துல வந்துட்டா. நீங்க மனசுல வச்சுக்கிடாதீக."

"நாங்க ஒரு சொல்லுச் சொல்லலை அண்ணாச்சி. அணுகுண்டு சொன்னதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?"

அங்கே ஒத்துவரவில்லை என்று வேறு இரண்டு வீடு பார்த்தார். அங்கிருந்தும் வந்துவிட்டாள். சீசன் நேரம், ரோட்டில் லோடு லாரிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகும். கடைசியாக வந்தபோது பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். கால்நடை டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "இனி ஒரு தடவை இவ ரோட்டுல ஓடினா என்கிட்டக் கொண்டுவர வேலை இருக்காது" என்றார். அன்றைக்கு மாமனார் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு, மடியில் அவளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எஸ்தர் அக்கா நேராகவே கேட்டார். "பேசாம நீங்களே வச்சுக்கிட்டா என்ன அண்ணாச்சி?"

"நல்லாச் சொன்னீக. என்கிட்ட இருக்கது ஒத்த இடம். அதுல இவளை வச்சுட்டா அடுத்து ரோட்டுல கெடக்கிறது எங்கன போகும்? பொண்ணைப் பெத்தவன் கட்டிக்குடுக்கத்தான் செய்யணும்."

அந்த வருஷத் தீபாவளிக்கு என் வீட்டிலிருந்து மாமனாருக்குப் பலகாரம் கொண்டுபோனேன். குடோனுக்குள் சம்பந்திகள் விட்டுவிட்டுப் போன நாய்கள் எல்லாம் ஆளுக்கொரு மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. மாமனாரைக் காணோம். வெளியே தெருவில் யாரோ பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். உள் மூலையில், இரண்டு காகித அடுக்குகளுக்கு நடுவில் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன்.

அந்த இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். காது இரண்டிலும் பஞ்சு. மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. மடியில் சரசு. அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள். இவர் அவள் படுத்த காதைப் பொத்திக்கொண்டிருந்தார், அவள் இவர் கையை நக்கிக்கொண்டிருந்தாள்.

சரம் ஓய்ந்ததும் பஞ்சை எடுத்தார். "வெளிய சொல்லிராதீக தம்பி. சிவகாசிக்காரன் வெடிக்குப் பயப்படுதான்னா சிரிப்பாக."

"எப்ப இருந்து அண்ணாச்சி?"

"பிறந்ததுல இருந்தே. ஒரு தடவை பொண்ணு பாக்கப் போனேன். பஜ்ஜி வந்துச்சு, காபி வந்துச்சு. பொண்ணு வரப்போற நேரம் அடுத்த வீட்டுல எவனோ ஒரு அணுகுண்டைப் பத்த வச்சான். பொண்ணு வந்து பாத்தா நாற்காலியில மாப்பிள்ளையக் காணோம்."

"எங்க போனீக?"

"கட்டிலுக்கு அடியில."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. "மனுசனுக்குச் சொல்லிக்கிட வாயாவது இருக்கு. இதுக என்ன செய்யும்?" என்றார்.

இந்த ரகசியத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, எஸ்தர் அக்காவைத் தவிர. அவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை, சம்பந்திகளைத் தவிர.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு எஸ்தர் அக்கா தட்டில் பூ, பழம், வெற்றிலையோடு மாமனார் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் ஆமத்தூர்க்காரரும் உலக்கை அம்மாவும் இன்னும் நாலைந்து சம்பந்திகளும். நான் கடைசியில் ஒளிந்து நின்றேன். மாமனார் பதறிப்போய்ப் பாயை விரித்து டீ போட்டுக் கொடுத்தார். ஒருவரும் தொடவில்லை.

"சரசுவுக்கு ஒரு வரன் வந்திருக்கு. வீடு பாக்க வந்திருக்கோம்" என்றார் எஸ்தர் அக்கா. "மாப்பிள்ளைக்கு முன்கோவம் உண்டா?"

"யாரு மாப்பிள்ளை?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பழையதா, சுடுசோறா?"

மாமனாருக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, அதான் சொன்னேனே. இவளை வச்சுக்கிட்டா அடுத்த குட்டி..."

"அடுத்தது என் வீட்டுக்கு வரட்டும். தேறுற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். அதுக்கு அடுத்தது ஆமத்தூருக்கு. நீங்க ஒருத்தரே எல்லாத்தையும் சுமக்கணும்னா சம்பந்திக நாங்க எதுக்கு இருக்கோம்?"

உலக்கை அம்மா எழுந்து நேராகக் கட்டில் பக்கம் போனார். "கட்டிலுக்கு அடியில இடம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தவர், நிமிராமலே கையை ஆட்டி எங்களையும் கூப்பிட்டார்.

கீழே ஒரு பாய் விரித்திருந்தது. ஒரு பெரிய தலையணை. அதை ஒட்டி, பழைய வேட்டியைச் சுருட்டித் தைத்த ஒரு சின்னத் தலையணை. அதன் மேல் செம்பட்டை முடி.

"எல்லாம் ஏற்கெனவே முடிஞ்ச சம்பந்தம்தான் போல" என்றார் எஸ்தர் அக்கா. மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரசு கட்டுப் போட்ட காலோடு நொண்டி வந்து அவர் கால் பெருவிரல் மேல் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ரோட்டில் ஓடியதே இல்லை. வெடித்தால் ஓடிப்போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே இருக்கிறாளே.

இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். "எழுதிக்கிடுங்க. பேரைப் போட்டுறாதீக. மீசை உள்ள எல்லாரையும் சந்தேகப்படட்டும்" என்றார்.

நான் விருதுநகருக்கு மாறி வந்துவிட்டேன். என்னிடம் நாய் கிடையாது, வெடிக்குப் பயமும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியற்காலையிலேயே சிவகாசி பஸ் ஏறிவிடுகிறேன். குடோன் வாசலில் புது வேட்டியோடு நிற்பவர், என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே, "வாங்க தம்பி, இளைச்சுட்டீகளே" என்கிறார்.