ஒழுகாத பீப்பாய்

ஒரு காட்டில் ஒரு நரி யோக்கியமாகப் பிழைப்பது என்று முடிவு செய்தது. முடிவு செய்வது சுலபமாக இருந்தது. மற்றவர்களை நம்பவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

நரியின் பெயர் மாசிலாமணி. அதன் தாத்தா, அடுத்தவர் வளைகளை அவர்கள் வெளியூர் போயிருக்கும்போது வாடகைக்கு விட்டது. அப்பா, தேன் எடுத்த பிறகு மிஞ்சிய வெறும் அடையைத் தேனடை என்று விற்றது. அதனால் ஆற்றங்கரைச் சந்தையில் நரிகளுக்கு இடமே கிடையாது. சந்தைக் கண்காணிப்பாளரான யானை பெரியநாயகத்தின் முன்னால் மாசிலாமணி போய் நின்றபோது, யானை முதலில் தன் வாழைத்தாரை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. பிறகுதான் பேசியது.

"என்ன வேண்டும்?"

"கடை போட ஓர் இடம் வேண்டும், ஐயா."

"என்ன விற்பாய்?"

"பழைய பீப்பாய். பழையது என்று சொல்லியே விற்பேன்."

யானைக்கு இது புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் காதை ஆட்டியபடி யோசித்தது.

"சரி. புங்கமரத்தடியில் போட்டுக்கொள். ஆனால் ஒரு புகார் வந்து அது நிரூபணமானாலும் இடம் கழுதைப்புலிக்குப் போய்விடும். அவன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்."

பீப்பாய்க்கு அந்தக் காட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். அங்கே வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சுவார்கள். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து, இடித்துக் காய்ச்சிப் புளிக்க வைத்தால் பீர். கைக்கு வந்தபடி இலுப்பைப் பூ சேர்ப்பவர்களும் உண்டு. காய்ச்சுவது பெரிய காரியமில்லை. அடைத்து வைப்பதுதான் காரியம். மண்பானையில் அடைத்தால் பானை வெடிக்கும். சுரைக்குடுக்கையில் அடைத்தால் நுரை போகும். குடிக்கிற விருந்தாளியின் முகமும் போகும். எவர்சில்வர் பீப்பாயில் ஊற்றி, மூடிக்கு ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினால், திறக்கும்வரை நுரை அடங்கி உட்கார்ந்திருக்கும். ஆனால் டவுனில் புதுப் பீப்பாய் விலையைக் கேட்டால் கரடிக்கே மயக்கம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் காட்டோரத்துச் சொகுசு விடுதி மூடப்பட்டது. காவல்கார நாய்க்குச் சம்பளத்துக்குப் பதிலாகப் பின்கட்டில் கிடந்த பீப்பாய்களைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாய் பீர் குடிப்பதில்லை. மாசிலாமணி அவற்றை விலை கொடுத்தே வாங்கியது. அதன் வம்சத்தில் ஒருவர் ஒரு பொருளுக்கு விலை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, வெந்நீரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, எலுமிச்சைத் தோலால் பழைய நாற்றத்தை எடுத்தது. நைந்த வாஷர்களை மாற்றியது. சைக்கிள் கடைக்காரர் டியூப்பைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குவாரே, அதேபோல ஒவ்வொரு பீப்பாயிலும் காற்றடித்து ஓடையில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தது. நசுங்கிய இடங்களைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் காட்டியது.

அதன் மனைவி செண்பகத்துக்கு இது தாங்கவில்லை.

"ஏங்க, நசுங்கினதை நாமளே வட்டம் போட்டுக் காட்டணுமா?"

"காட்டணும்."

"உங்கப்பா பார்த்திருந்தா மனசு உடைஞ்சு போயிருப்பார்."

"அதனாலதான் அவர் இருக்கிறவரைக்கும் நான் திருந்தலை."

முதல் வாடிக்கையாளர் கரடி குப்பண்ணன். "மூடி இருக்கா?" என்று கேட்டது. "இருக்கு" என்றது நரி. "அப்ப போதும்" என்று ஒரு கூடை வேர்க்கடலையை வைத்துவிட்டு, பீப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டது. அடுத்த வாரம் சந்தைக்கு வந்தபோது கரடியின் மீசையில் நுரை இருந்தது. மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. யோக்கியமாகப் பிழைப்பது இவ்வளவு சுகமா என்று நினைத்தது.

அப்போதுதான் முள்ளம்பன்றி தணிகாசலம் வந்தது.

காட்டிலேயே ஜாக்கிரதையான ஆள் தணிகாசலம். உப்பு வாங்கினால் நக்கிப் பார்க்கும். தன் நாக்கையும் நம்பாமல் பக்கத்தில் நிற்பவரையும் நக்கச் சொல்லும். போன வருஷம் முழுநிலா விருந்தில், வீட்டுக்கொரு பீர் என்று எல்லாரும் கொண்டுவந்து வைத்திருந்தபோது, அதன் பானை சபை நடுவில் வெடித்து யானையின் மேல் கொட்டிவிட்டது. இந்த வருஷம் அந்த மானத்தை மீட்க அதற்கு ஒரு பீப்பாய் வேண்டும்.

முள்ளம்பன்றிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பானை வாங்குபவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பதுபோல, அவை முதுகைத் திருப்பி நின்று, முள்ளைச் சிலிர்த்து, பொருளின் மேல் படபடவென்று தட்டும். எழும்பும் ஓசையைக் கேட்டுத் தரம் சொல்லும். பலாப்பழம், வீட்டுச் சுவர், சம்பந்தி கொண்டுவந்த சீர்வரிசை எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான்.

தணிகாசலம் முதுகைத் திருப்பியது. பக்கவாட்டில் தட்டியது. அடியில் தட்டியது. மூடியை இரண்டு தடவை கூடுதலாகத் தட்டியது.

"ஓசை பரவாயில்லை. தண்ணீரில் முக்கு."

நரி காற்றடித்து ஆற்றில் முக்கியது. மூடியோரத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பி வந்தன.

"ஐயா, காலையில்தான் நானே முக்கிப் பார்த்தேன்!"

"எல்லா நரியும் காலையில்தான் பார்க்கும்" என்றது தணிகாசலம். "அடுத்ததைக் கொண்டா."

அடுத்ததையும் தட்டியது. அதிலும் குமிழி வந்தது. நரி அவசரமாகப் புது வாஷர் மாட்டியது.

"இருப்பா, வாஷர் மாற்றினால் நான் மறுபடியும் தட்ட வேண்டாமா?"

தட்டியது. முன்பைவிட அதிகக் குமிழி வந்தது. இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "நரி புத்தி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கழுதைப்புலி எங்கிருந்தோ வந்து, புங்கமரத்தடியின் நீள அகலத்தைக் காலால் அளக்க ஆரம்பித்தது. தணிகாசலம் நேராக யானையிடம் போய்ப் புகார் கொடுத்தது.

வீட்டுக்குப் போன மாசிலாமணி, தன் கை ராசிதான் கெட்டது போலிருக்கிறது என்று நொந்தபடி வாஷர்களைக் கழற்றிப் பார்த்தது. ஒவ்வொன்றிலும், மூடியோர இடுக்கு வழியாக ஊசி குத்தியதுபோல் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. ஒரு வாஷரில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்ளின் நுனி ஒடிந்து நின்றது. நரிக்கு உயிர் வந்தது. அந்த வாஷரை வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, அடுத்த சந்தையன்று விசாரணைக்குப் போனது.

யானை வாஷரைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தது.

"தணிகாசலம், இது உங்கள் முள்தானா?"

"என் முள்தான். நான் மறுக்கவே இல்லை" என்றது முள்ளம்பன்றி. "ஆனால் ஒன்று கேட்கிறேன். முள் பட்டால் ஓட்டையாகும் பொருளை முள்ளம்பன்றிக்கு விற்கலாமா?"

கூட்டம் "அதானே" என்றது.

"ஐயா, மூடியை மட்டும் தட்டாமல் இருந்தால்..." என்று நரி ஆரம்பித்தது.

"தட்டிப் பார்க்காமல் வாங்கு என்கிறது நரி. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்!"

மாசிலாமணிக்குக் கடைசியாக ஒரு வழி தோன்றியது.

"கரடி அண்ணனைக் கேளுங்கள், ஐயா. அவர் என்னிடம் வாங்கிய பீப்பாயில்தான் பீர் வைத்திருக்கிறார்."

குப்பண்ணன் அசைந்து அசைந்து வந்து, யானையின் முன்னங்காலைக் கட்டிப்பிடித்துச் சாய்ந்துகொண்டது.

"பீப்பாய் எப்படியிருக்கிறது?" என்று கேட்டது யானை.

"அருமைங்க. நுரை நிக்குது பாருங்க, நானே இப்படி நின்னதில்ல. ஆமா, யாரு மாப்ள இந்த மரத்தை இங்க நட்டது? போன வாரம் இல்லியே?"

யானை காலை மெதுவாக உருவிக்கொண்டது. "குடித்திருப்பவரின் சாட்சி செல்லாது."

"பீப்பாய் நன்றாக இருப்பதால்தானே ஐயா அவர் குடித்திருக்கிறார்!"

"அதனால்தான் செல்லாது" என்றது யானை. பிறகு தும்பிக்கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னது. "அடுத்த சந்தைக்குள் தணிகாசலத்தின் சோதனையில் தேறும் ஒரு பீப்பாயைக் கொடுத்துவிடு. இல்லையென்றால் நீ புங்கமரத்தடியைக் காலி செய்ய வேண்டியதுதான்."

மாசிலாமணி இரவு பகலாகப் பாடுபட்டது. வாஷருக்கு மேல் தோலைச் சுற்றியது. முள்ளால் குத்தினால் தோல் கிழிந்தது. கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கட்டியது, காற்று நிற்கவில்லை. மரக்கட்டையால் மூடி செய்தது, மூடி இறுகவில்லை. கடைசியில் சாமான்களைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தது.

"எல்லாப் பீப்பாயிலும் இந்த மூடிதான் சனியன்."

செண்பகம் ஓர் ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது.

"அப்ப மூடியே இல்லாததைக் குடுங்க."

"மூடியில்லாத பீப்பாய் எங்கே இருக்கு?"

"நான் எதுமேல உட்கார்ந்திருக்கேன்?"

அது விடுதி வாசலில் அழகுக்காக நின்றிருந்த பீப்பாய். பார்வைக்கு அசல் பீப்பாய்தான். ஆனால் மூடியும் கிடையாது, குழாயும் கிடையாது. சுற்றிலும் பற்றவைத்து மூடியது. நாய் கொசுறாகக் கொடுத்திருந்தது.

"அதுல பீர் ஊத்த முடியாதே!"

"அவர் பீர் ஊத்தியா பார்க்கிறார்? தட்டித்தானே பார்க்கிறார்."

"ஏமாத்தச் சொல்றியா? நான் உள்ளதைச் சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லுங்க" என்று செண்பகம் எழுந்து இடம் விட்டது.

சந்தையில் யானையும் கூட்டமும் காத்திருந்தன. மாசிலாமணி பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னது:

"ஐயா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு வாய் கிடையாது. இதில் பீர் ஊற்ற முடியாது. இது விடுதி வாசலில் சும்மா அழகுக்கு நின்றது."

தணிகாசலம் கண்ணை இடுக்கியது. நரி தன் சரக்கைத் தானே மட்டம் தட்டுகிறதென்றால் அதில் விஷயம் இருக்க வேண்டும். "நல்லது ஒன்று வந்ததும் கரடிக்கு ஒதுக்கப் பார்க்கிறாயா?" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பியது. பக்கத்தில் தட்டியது, அடியில் தட்டியது, மேலே தட்டியது. கோயில் மணிபோல் கணீரென்று ஓசை எழுந்து ஆற்றைத் தாண்டிப் போனது. தண்ணீரில் முக்கினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அப்போதும் வரவில்லை.

"இது பீப்பாய்!" என்றது தணிகாசலம்.

"வாய் இல்லையே, ஐயா!" என்று நரி கெஞ்சியது.

"வாய் இருந்தால்தானே ஒழுகும்?"

கூட்டம் கைதட்டியது. யானை பீப்பாயைத் தூக்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, "குறை ஒன்றும் தெரியவில்லை. புகார் தள்ளுபடி" என்றது. கழுதைப்புலி தொங்கிய முகத்துடன் போய்விட்டது.

முழுநிலா விருந்து வந்தது. தணிகாசலம் பீப்பாய்க்குச் சந்தனம் பூசி, மாலை போட்டுச் சபை நடுவில் வைத்தது. புள்ளிமான் ஒன்று குவளையை நீட்டியது.

"பக்குவமாகிக்கொண்டிருக்கிறது" என்றது தணிகாசலம்.

"எப்போது திறப்பீங்க?"

"திறந்து குடிக்கிற பீர் என்றால் நான் பானையிலேயே வைத்திருக்க மாட்டேனா?"

புள்ளிமான் வெட்கப்பட்டுக் குவளையை மறைத்துக்கொண்டது. எல்லாரும் கரடியின் பீப்பாயைத் திறந்து நுரை வழிய வழியக் குடித்தார்கள். குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா தணிகாசலம் ஐயா வீட்டு பீர் மாதிரி வருமா?" என்றார்கள். விருந்து கலையும்போது முள்ளம்பன்றி பீப்பாயில் காதை வைத்துக் கேட்டு, திருப்தியாகத் தலையாட்டியதை மாசிலாமணி பார்த்தது.

மறுசந்தையில் புங்கமரத்தடியில் நிற்க இடமில்லை. எல்லாருக்கும் ஒழுகாத பீப்பாய்தான் வேண்டுமாம். நரியிடம் இருந்ததெல்லாம் நன்றாகத் திறந்து மூடும் பீப்பாய்கள். அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் அவற்றைக் கிராமத்துப் பட்டறைக்கு எடுத்துப்போய், மூடியை வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தது. பட்டறைக் கூலியால் விலை ஏறியது. விலை ஏறியதும் மதிப்பும் ஏறியது. "இதில் பீர் ஊற்ற முடியாது" என்று நரி பெரிய பலகை எழுதி மாட்டியது. அந்தப் பலகை இருக்கும் கடையில்தான் அசல் சரக்கு கிடைக்கும் என்று பேச்சு பரவியது. கழுதைப்புலியே ஒன்று வாங்கிப்போனது.

ஒரு சாயங்காலம் மாசிலாமணி வளைக்குள் வந்து, தணிகாசலம் ஒதுக்கிவிட்டுப் போன முதல் பீப்பாயின் மூடியைத் திருகியது. புது வாஷர் போட்டு, வீட்டில் காய்ச்சிய பீரை அதில் அடைத்து வைத்திருந்தது. உஸ்ஸென்று சத்தம் வந்தது. குவளையில் வெள்ளை வெளேரென்று நுரை எழும்பியது.

"ஏங்க, இது ஓட்டைப் பீப்பாய்னு ஊரே சொல்லுதே" என்றது செண்பகம்.

"சொல்லட்டும்" என்று நரி செண்பகத்தின் குவளையை நிரப்பியது. "அதனாலதான் இது நமக்கு மிஞ்சியிருக்கு."

நீதி: யாராலும் குறை சொல்ல முடியாத பொருள் வேண்டுமென்றால், எதற்கும் பயன்படுத்த முடியாததாகப் பார்த்து வாங்குங்கள்.