எருமை எடுத்த உர டெண்டர்

ஒரு காட்டில் மண்புழு உரத்துக்கு டெண்டர் விட்டார்கள். சிங்கராஜாவுக்குத் திடீரென்று புல்வெளிமேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புல் செழித்தால் மான் கொழுக்கும். மான் கொழுத்தால் யாருக்கு லாபம் என்பதை மான்களைத் தவிர எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

அந்தக் காட்டில் நெளியப்பன் என்றொரு மண்புழு இருந்தான். சொந்தபந்தம் முந்நூறு பேரோடு ஒரு குழியில் உரம் தயாரிக்கிற சிறுதொழில். போன ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் புகுந்து, மேலே வந்த பாதிச் சொந்தத்தைக் கொக்குகள் பொறுக்கித் தின்றுவிட்டன. இந்த ஆர்டர் கிடைத்தால் அடுத்த மழைக்குள் குழிக்கு ஒரு கூரை போட்டுவிடலாம். அதற்காக அவன் விழாத காலில்லை.

வேளாண் அலுவலகத்தில் அதிகாரி ஓர் உடும்பு. விதியைப் பிடித்தால் விடாது. நெளியப்பன் கொடுத்த உறையைப் பிரிக்காமலே திருப்பித் தந்தது.

"ஏம்ப்பா, உன் ஒருத்தன் உறைதான் வந்திருக்கு. குறைஞ்சது மூணு பேராவது போட்டி போடணும். இல்லேன்னா டெண்டர் செல்லாது."

"சார், இந்தக் காட்டுல மண்புழு உரம் போடுறது மண்புழு மட்டும்தானே சார்?"

"அது உன் குறை. போட்டிக்கு ஆளில்லாத தொழிலை யாரு உன்னைச் செய்யச் சொன்னது?" என்றது உடும்பு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தெரிஞ்சவங்க ரெண்டு பேரைப் போடச் சொல்லு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. பத்து நாள்ல மறு டெண்டர்" என்றது.

ஆக, தன்னை எதிர்க்க ஆள் தேடி நெளியப்பன் கிளம்பினான். காகத்தைக் கேட்கலாமா என்று முதலில் தோன்றியது. காகத்தைப் பார்க்கப் போன மண்புழு திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை என்பதால் குளத்துப் பக்கம் போனான். அங்கே மந்தையன் என்ற எருமை கழுத்துவரை சேற்றில் கிடந்தது.

"அண்ணே, நீங்க என்னோட போட்டி போடணும்."

"எதுக்குடா தம்பி? போட்டின்னா எந்திரிக்கணுமே."

"எந்திரிக்கவே வேண்டாம்ணே. கையெழுத்துக்குக் குளம்பை மட்டும் நீட்டுங்க. விலையை என்னைவிடக் கூடப் போட்டுடறேன். நீங்க தோத்துருவீங்க."

"தோக்கறதுதானே? அப்ப சரி" என்று எருமை குளம்பை நீட்டியது.

மூன்றாவது ஆளாக ஒரு கழுதை கிடைத்தது. கையெழுத்துப் போட்ட கையோடு உறையின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்தும் பார்த்தது.

மூன்று விண்ணப்பங்களையும் நெளியப்பனே நிரப்பினான். பொய் எழுத அவனுக்கு மனம் வராது. எருமையின் படிவத்தில் 'இயற்கை உரத்தில் அனுபவம்' என்ற கட்டம் வந்தபோது யோசித்தான். எருமை பிறந்ததிலிருந்து சாணி போடுகிறதே! 'பன்னிரண்டு ஆண்டுகள், தினம் இரண்டு கூடை, விடுமுறை கிடையாது' என்று எழுதினான். தன்னுடையதில் உள்ளபடி 'இரண்டு ஆண்டுகள்' என்று எழுதி, அப்பா, தாத்தா, பூட்டன் எல்லோரும் இதே மண்ணைத் தின்றவர்கள் என்று ஒரு தாளையும் சேர்த்து வைத்தான். அவனுக்கு வயதே இரண்டுதான்.

உறை பிரிக்கும் நாள் வந்தது. பல் பட்டிருக்கிறது என்று கழுதையின் உறையை உடும்பு ஓரமாகத் தள்ளியது. அடுத்தது நெளியப்பனுடையது.

"மூணு வருஷ அனுபவம் கேட்டிருக்கோம். உனக்கு ரெண்டுதான் இருக்கு."

"சார், எங்கப்பா, தாத்தா காலத்துலேர்ந்தே..."

"அப்பா டெண்டர் எடுத்திருக்காரா?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டார் சார்."

"அப்ப அனுபவமும் கூடவே போயிடுச்சு. அடுத்து?"

எருமையின் படிவத்தைப் படித்த உடும்பு எழுந்தே நின்றுவிட்டது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, கேட்ட இணைப்புகள் ஒன்றுகூட விடுபடவில்லை. விலை கூடுதலாக இருக்கிறதே என்று குழுவில் இருந்த முள்ளம்பன்றி இழுத்தது. "தகுதியானவங்கள்ல இதுதானே குறைஞ்ச விலை?" என்று உடும்பு அதன் வாயை அடைத்தது.

மாலையும் ஆணையும் குளத்துக்கே போயின. நெளியப்பன் அழுதுகொண்டே பின்னால் போனான். மண்புழு அழுதால் யாருக்குத் தெரியும், உடம்பெல்லாம் எப்போதும் ஈரம்தானே.

எருமைக்கும் பாவமாகத்தான் இருந்தது. "நான் என்ன தம்பி பண்றது? நீ எழுதினது அப்படி. உன் உரத்தையே குடு, என் பேர்ல போகட்டும். உனக்கு ஏதாவது பார்த்துச் செய்யறேன்."

உரம் போனது. வந்த பணத்தில் எருமை தன் குளத்துக்கு நல்ல கூரையாக ஒன்று போட்டுக்கொண்டது. மழையில் நனைவது தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று அதற்கு அப்போதுதான் தெரிந்ததாம். ஐப்பசியும் பிறந்தது. நெளியப்பனின் குழியில் தண்ணீர் ஏறியது. கொக்குகள் வந்தன.

புல் இடுப்பளவு வளர்ந்தது. மான்கள் கொழுத்தன, பிறகு எண்ணிக்கையில் குறைந்தன. எருமைக்குச் சிறந்த மண்புழு உர உற்பத்தியாளர் விருது கிடைத்தது.

மிஞ்சிய நாற்பது பேருக்காக நெளியப்பன் மறுபடி அலுவலகம் ஏறினான்.

"எனக்கு ஒரு அனுபவச் சான்றிதழ் வேணும் சார்."

"அதுக்கு வழி இருக்குப்பா. மூணு வருஷம் எருமையாருக்கு உரம் போட்டுக் குடு. அவர் எழுதித் தருவார்."

"மூணு வருஷத்துல நானே உரமாயிடுவேனே சார்!"

உடும்பு அவனைப் பரிவோடு பார்த்தது.

"கவலைப்படாதே. அதையும் எருமையார் பேர்லயே சேர்த்துக்கறோம்."

நீதி: உழைப்பு ஒருபோதும் வீண்போகாது; உரிய எருமையைப் போய்ச் சேர்ந்தே தீரும்.