புரியவைப்பவர் வீட்டு மேல்மாடி

புரியவைப்பவர் என்றொரு மனித இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். ஸ்பெயினுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் டாஞ்சியரில் கொஞ்சம் அதிகம். கடல்காற்று அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது போலும். வாத்தியார் பாடம் நடத்துவார், டாக்டர் மருந்து எழுதுவார், இவர் புரியவைப்பார். வறுமையைப் புரியவைப்பார், வானிலை மாறுவதைப் புரியவைப்பார், எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர்கள் ஏன் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போகிறார்கள் என்பதைப் போகிறவர்களுக்கே புரியவைப்பார்.

அடையாளம் காண்பது சுலபம். ஓர் அறைக்குள் நுழைந்ததும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போடுகிறாரா? அவர்தான். சுவரில் உலகப் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "யாருப்பா சொன்னா வடக்குதான் மேல இருக்கணும்னு?" என்று கண்ணடிக்கிறாரா? சந்தேகமே வேண்டாம். எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரு பெருமூச்சு விட்டு, "அது அவ்வளவு எளிமையான விஷயம் இல்ல" என்பார். தேநீருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் அதுதான்.

நான் நெருங்கிப் பார்த்த புரியவைப்பவர் உஸ்தாத் முஃபத்தல். எங்கள் பள்ளியில் அவர் பிரெஞ்சு வாத்தியார், நான் கணக்கு டீச்சர். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர், மேலே ஒட்டிய மொட்டைமாடிகள். அவர் வீட்டில் வெங்காயம் வதக்கினால் எனக்குக் கண் எரியும். சில வருஷங்களுக்கு முன்புவரை மனிதர் பிள்ளைகளின் வினைச்சொற்களைத் திருத்திக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். பிறகு ஒரு வெளிநாட்டுச் சங்கம் அவரைக் கடல் தாண்டி வலென்சியாவுக்கு அழைத்துப்போய், நல்ல ஓட்டலில் தங்கவைத்து, "உலக வளர்ச்சிக் கல்வி" கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்பியது. போனவர் வேறு, வந்தவர் வேறு.

வந்தவர் பள்ளியில் ஒரு மன்றம் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து புலம்பெயர்வைப் புரிந்துகொண்டார்கள். "இன்னொருத்தர் செருப்புல நின்னு பாருங்க" என்று ஒரு பயிற்சி. எல்லோரும் நிஜமாகவே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் பாதிப் பேருக்குக் காலில் அரிப்பு. இன்னொரு நாள், "கண்ணை மூடுங்க. ஐரோப்பான்னதும் மனசுல என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"கண்ணத் தொறந்தாலே தெரியுதே உஸ்தாத், சன்னலுக்கு வெளிய" என்றாள் கிஸ்லான். உண்மைதான், அன்று வானம் தெளிவாக இருந்தது, எதிர்க்கரையில் ஸ்பெயின்காரனின் காற்றாலைகள் சுற்றுவதுகூடத் தெரிந்தது.

இந்தக் கிஸ்லானைப் பற்றிச் சொல்ல வேண்டும். குண்டுக் கண்ணாடி, பெரிய வாய், என் வகுப்பில் எப்போதும் கடைசி மதிப்பெண். ஆனால் உஸ்தாதின் மன்றத்துக்கு மட்டும் ஒரு நாளும் தவறமாட்டாள். அவள் அங்கே செய்த ஒரே தவறு, சொன்னதையெல்லாம் நம்பியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை உஸ்தாத் வீட்டுப்பாடம் கொடுத்தார். "நம்ம ஊருக்கு வந்திருக்கற ஒருத்தர்கிட்ட போய்ப் பேசுங்க. பேசாதீங்க, கேளுங்க. காதால இல்ல, மனசால." மற்ற பிள்ளைகள் இணையத்தில் தேடி எழுதி வந்தார்கள். கிஸ்லான் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டாள். பெயர் ஜெனாபு, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்காரி. பிரான்சில் இருக்கிறவர்களின் இணைய இணைப்பு அறுந்தால், அவர்கள் திட்டுவதைத் தொலைபேசியில் வாங்கிக்கொள்ளும் அலுவலகத்தில் வேலை. அங்கே அவள் பெயர் சோஃபி. கிஸ்லான் அவளிடம் "உங்க பயணத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்கவில்லை. "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டாள்.

"வீடு" என்றாள் ஜெனாபு. இருக்கிற அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. தொலைபேசியில் காலியாக இருக்கும் வீடுகள் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறைந்துவிடுகின்றன.

கிஸ்லானுக்கு ஒரே சந்தோஷம். ஏன் இருக்காது? உஸ்தாத் வீட்டு மேல்மாடி கோடையிலிருந்து காலி. வாசலில் பலகையே தொங்குகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனாபுவையும், அவளுடைய சின்னப் பெண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். மாவு சலிக்கும் சல்லடை இரவல் கேட்க நான் அப்போது ரிமோவிடம் போயிருந்தேன். ரிமோ, உஸ்தாதின் மனைவி. இனி நடந்ததை நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். சல்லடை கைக்கு வந்த பிறகும் நின்றேன்.

உஸ்தாத் முகம் மலர்ந்து வரவேற்றார். உட்காரவைத்தார். நாற்காலிகளை வட்டமாக்கினார். புதினாத் தேநீர் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஏன் வீடு கிடைப்பதில்லை என்பதை, வீடு கிடைக்காத அந்தப் பெண்ணுக்கு, காலனி ஆட்சியிலிருந்து தொடங்கி விளக்கினார். குழந்தை தூங்கிவிட்டது. ஜெனாபு பொறுமையாகக் கேட்டாள். திட்டு வாங்கியே சம்பாதிக்கிறவளுக்கு இது என்ன பிரமாதம்?

கடைசியில், "மாடி காலியா இருக்கா உஸ்தாத்?" என்றாள்.

பெருமூச்சு. "அது அவ்வளவு எளிமையான விஷயம் இல்லம்மா. இப்ப நான் குடுத்தேன்னு வைங்க, அது உதவி மாதிரி ஆயிடும். உதவிங்கறது என்ன? மேல இருக்கறவன் கீழ இருக்கறவனுக்குக் குடுக்கறது. உங்க சுயமரியாதைய நான் அப்படிக் கெடுக்க விரும்பல."

ஜெனாபு கொஞ்சம் யோசித்தாள். "மாடியில இருக்கப்போறது நான். கீழ இருக்கறது நீங்க. வாடகையும் நான்தான் குடுக்கப்போறேன். அப்ப உதவி பண்றது யாரு?"

உஸ்தாத் தேநீரைக் குடித்தார். டம்ளர் காலி என்பது குடித்த பிறகுதான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அக்கம்பக்கம்... சமூக அமைப்பு அப்படி இருக்கு."

"அமைப்புன்னா நாமதான்னு போன வாரம் சொன்னீங்களே உஸ்தாத்?" என்றாள் கிஸ்லான்.

"அது பயிற்சிக்குச் சொன்னதும்மா."

அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். என் கணக்குத் தேர்வில் முட்டை வாங்கியபோதுகூட அவள் அப்படி ஆனதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற ரிமோ, கை நிறைய ரொட்டிமாவோடு உள்ளே போனாள். அது ரிமோவின் அப்பா கட்டிய வீடு. ஊருக்கே தெரியும், உஸ்தாதுக்கு மட்டும் அவ்வப்போது மறந்துபோகும்.

"இங்க பாருங்க," என்றாள் கணவனிடம். "கடைசியா மாடியில குடியிருந்தது யாரு? உங்க அக்கா பையன். வாடகையும் குடுக்கல, போகும்போது குழாயையும் ஒடச்சிட்டுப் போனான். அவன் எந்த நாட்டுக்காரன்?" பிறகு ஜெனாபு பக்கம் திரும்பினாள். "ஏம்மா, ராத்திரி சத்தம் போடுவியா?"

"நாள் முழுக்கப் பேசறதுதான் என் பொழப்பு அக்கா. வீட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டேன்."

"அப்ப வா. எங்க வீட்ல பேசாத ஆள் ஒண்ணு வேணும்."

கதை இங்கே முடிந்திருந்தால் இது கேலிச் சித்திரம் ஆகியிருக்காது. புரியவைப்பவரை அவ்வளவு சுலபமாகத் தோற்கடிக்க முடியுமா? அடுத்த வெள்ளிக்கிழமையே மன்றத்தில், "நாங்க வீட்லயே இதைத் தொடங்கிட்டோம்" என்று குரல் தழுதழுக்க அறிவித்தார். அதற்கடுத்து வாரா வாரம் யாராவது மாடி ஏறினார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், சங்கத்தின் ஆட்கள், படம் பிடிக்கிறவர்கள். "ஜெனாபு, ரெண்டே நிமிஷம். உங்க பயணத்தைப் பத்தி." முதல் தடவை அவள் தேநீர் கொடுத்தாள். அடுத்த தடவை தண்ணீர் கொடுத்தாள். பிறகு, தலைவலி என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை வெளிநாட்டுச் சங்கத்திலிருந்தே கூட்டமாக வந்தார்கள். ஜெனாபு இரவு வேலை முடித்து வந்து, கட்டிக்கொண்ட தொண்டையோடு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழைக்காற்று துணிகளைப் பறித்துக்கொண்டிருந்தது. உஸ்தாத் மடக்கு நாற்காலிகளை எடுத்துவரச் செய்து, ஈரத் துணிகளுக்கு நடுவே வட்டம் போட்டார். உதவிக்கு வந்தவள் கிஸ்லான்தான். அந்த ஞாயிறுக்குப் பிறகு மன்றத்தில் அவள் வாயே திறப்பதில்லை, ஆனாலும் வந்துகொண்டிருந்தாள். என் மொட்டைமாடியில் நான் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்த மிளகாய்தான்.

"மனசுக்குக் கஷ்டமா இருந்தா நிறுத்திக்கலாம்," என்றார் உஸ்தாத் கனிவாக. "எந்த இடத்துல வேணும்னாலும் தொடங்குங்க. பாலைவனத்துலருந்துகூட."

ஜெனாபு வாயில் கவ்வியிருந்த துணிக்கவ்வியை எடுத்தாள்.

"உஸ்தாத், ஒண்ணு கேக்கறேன். வாடகையில கதையும் சேத்தியா?"

எடுத்த கவ்வியைக் கொடியில் குத்தினாள்.

"வாடகை தரேன். தண்ணிக்குத் தரேன், கரண்டுக்குத் தரேன். கதை தரமாட்டேன். அதுவும் வேணும்னா சொல்லிடுங்க, எம் பொண்ணக் கூட்டிட்டு வேற எடம் பாத்துக்கறேன்." குரல் பாதியில் உடைந்துவிட்டது. தொண்டை கட்டியதாலா, வேறெதனாலா என்று நான் சொல்லமாட்டேன்.

விருந்தாளிகள் கை தட்டினார்கள். ஆமாம், தட்டினார்கள்! ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உஸ்தாத் பூரித்துப்போய், "பாத்தீங்களா, குரல் எழுப்பறாங்க! நம்ம பயிற்சியோட பலன் இதுதான்" என்றார்.

கிஸ்லான் தட்டவில்லை. காலியாக இருந்த நாற்காலியை மடக்கினாள். பிறகு உட்கார்ந்திருந்த அம்மாளின் முன்னால் போய் நின்று, "எழுந்திருங்க, இதையும் மடக்கணும்" என்றாள். அப்புறம் அடுத்தவர். "இது ஒருத்தங்க வீடு. வாங்க, கீழ போலாம்." உஸ்தாத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மனசால கேளுங்கன்னு நீங்க சொல்லிக்குடுத்ததுதான் உஸ்தாத்," என்றாள், அவர் நாற்காலியையும் கையில் வாங்கிக்கொண்டு. "நான் பயிற்சிக்குன்னு நெனைக்கல."

கூட்டம் இறங்கிப் போனது. உஸ்தாத் மட்டும் கொஞ்ச நேரம் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க நான் எவ்வளவோ முயன்றேன், விரிப்பு மறைத்துவிட்டது.

ஜெனாபு காலி செய்யவில்லை. மாடிப்படிக்கு ரிமோ ஒரு சட்டம் போட்டாள்: தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதற்குத் தவிர வேறு எதற்கும் யாரும் ஏறக்கூடாது. ஒரு நாள் உஸ்தாத் தொட்டியைப் பார்க்கப் போனார். ஜெனாபு அங்கே பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. நான் மிளகாயை விட்டுவிட்டுக் காதைத் தீட்டினேன்.

"இன்னிக்குக் காத்து கொஞ்சம் கம்மி" என்றார்.

"ஆமா உஸ்தாத். துணி தப்பிச்சுது" என்றாள் அவள்.

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

நல்லது. இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து சிரித்தீர்கள். "இப்படி ஒருத்தரை எனக்கும் தெரியும்" என்று ஒரு பெயரும் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ஜெனாபு தன் ஊரை விட்டு ஏன் கிளம்பினாள், எந்த வழியாக வந்தாள், குழந்தையின் தகப்பன் எங்கே? இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. எப்போது சொல்வேன் எப்போது சொல்வேன் என்று நடுவில் ஓரிடத்திலாவது காத்திருந்தீர்கள் அல்லவா?

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலியைக் கொஞ்சம் மடக்கிக் கொடுங்கள்.