முடிவெடுக்கும் உரிமையைத் திருப்பி அனுப்புகிறேன்

அறக்கொடை உலகின் அணையா விளக்கும், தன் மேலதிகாரிகளின் தீராத் தலைவலியும், கைக்குழந்தையாக இருந்தபோது என் மூக்குக்கண்ணாடியை மென்று விழுங்கப் பார்த்தவளும், என் அக்கா பெற்ற ஒரே பெண்ணுமாகிய அருமை மருமகளுக்கு, தெருநலச் சங்கத்தின் அசைக்க முடியாத தலைவராகிய உன் மாமா எழுதிக்கொள்வது.

நான் நலம் என்று எழுதினால் அது பொய். நலமில்லை என்று எழுதினால் உன் அம்மா அடுத்த பஸ்ஸில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவாள். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒற்றைக்காலில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் முன்னுரையை முடிப்பதற்குள் "மாமா, ஒரு மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும்.

விஷயம் இதுதான். "இனி நாங்கள் முடிவு செய்யமாட்டோம், உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் தெருவே முடிவு செய்யட்டும்" என்று உங்கள் அறக்கட்டளை எங்களுக்கு ஓர் உரிமை கொடுத்ததே, அதற்காக நீ உன் மேலிடத்தோடு முட்டி மோதி ஜெயித்தாயே, அந்த உரிமையைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள். அதை வைத்துக்கொண்டு எங்களால் ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு நெடுஞ்சுவர் நிற்பது உனக்கு நினைவிருக்கும். மேட்டுத் தெருவின் மண்ணையெல்லாம் முதுகில் சுமந்துகொண்டு நிற்கும் அந்தச் சுவர் இப்போது எங்கள் பக்கமாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. போன மழைக்கு அதில் ஒரு விரிசல் விட்டது. அப்போது நகம் நுழைந்தது. இப்போது என் கை முழங்கை வரை போகிறது. இன்னும் ஒரு மழை பெய்தால் நானே அதற்குள் நுழைந்து மேட்டுத் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். அந்த மழையும் ஆகாயத்தில் கறுத்துத் திரண்டு, எங்கள் தெருவுக்கு நேர் மேலே வந்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

சுவருக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு காலத்தில் சந்து இருந்தது. மனிதனுக்கு ஒரு சாண் இடம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? ஆளாளுக்கு அந்தச் சந்தில் ஓர் அறையை நீட்டி, கூரையைக் கொண்டுபோய்ச் சுவரின் தலையில் உட்கார வைத்துவிட்டோம். பஸ் டிரைவருக்குச் சமையலறை. கணக்கு ஆபீசில் ஓய்வுபெற்று, தும்மலைக்கூட அளந்து தும்முவதால் தெருவில் கறார் என்றே பெயர் வாங்கியவருக்குச் சாமான் அறை. நர்ஸம்மாவுக்கு, அவளுடைய இரட்டைப் பெண்கள் படுக்கிற அறை. எனக்கோ, சக்கரவர்த்திகளும் பொறாமைப்படும் ஒரு குளியலறை. பூப்போட்ட ஓடு, வெந்நீர் ஹீட்டர். கல்யாணமான நாளிலிருந்து உன் அத்தை என்னோடு நடத்திய மகாயுத்தத்தின் வெற்றிச் சின்னம் அது. சுவரை நிமிர்த்த வேண்டுமானால் முட்டுச்சுவர் கட்ட வேண்டும். முட்டுச்சுவர் கட்ட வேண்டுமானால் இந்த அறைகள் எல்லாம் போக வேண்டும். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எவரும் வாயைத் திறப்பதில்லை.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் உங்கள் அறக்கட்டளை எங்களுக்கு எத்தனையோ செய்திருக்கிறது. எல்லாம் அங்கேயே முடிவாகி, லாரியில் ஏறி வந்து இறங்கும். கேட்காமல் வந்ததைக் கேட்டு வந்ததுபோல் வாங்கிக்கொள்வது ஒரு கலை. அந்தக் கலையில் எங்கள் தெரு உலகத்தரம். பயிற்சி கொடுத்தது நான். தையல் மெஷின்கள் வந்தபோது, அறுந்த சட்டைப் பொத்தானைப் பார்த்தாலே வியர்த்துப் போகும் நம் பஸ் டிரைவர், "சின்ன வயசுலேருந்தே தைக்கணும்னு ஒரு வெறிங்க" என்று கண் கலங்கினார். புத்தகமே இல்லாமல் புத்தக அலமாரிகள் வந்தன. கறார் ஒரு காலி அலமாரிக்கு முன்னால் அரைமணி நேரம் மெய்மறந்து நின்று காட்டினார். தண்ணீர் வராத தெருவுக்குக் கை கழுவும் தொட்டி வந்தது. தொட்டிக்கு முன்னால் நின்று காற்றிலேயே கைகழுவினோம். ஒவ்வொன்றோடும் கொடுத்தவர் பெயர் பொறித்த இரும்புப் பலகை ஒன்று வரும், கொடுத்த பொருளைவிடப் பெரிதாக. எல்லாம் இன்று சங்கத்து அறையில் தூசி படிந்து தூங்குகின்றன. வந்தவர் என்ன முடிவோடு வந்திருக்கிறார் என்று மோப்பம் பிடித்து, அதையே கண்ணீரோடு கேட்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டவர்களிடம் நீ ஓர் ஆளை அனுப்பினாய். நல்ல பையன்தான், குற்றம் சொல்லவில்லை. சங்கக் கூட்டத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்களுக்கு என்ன தேவைன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நான் எதுவும் சொல்லமாட்டேன். கேட்க மட்டும்தான் வந்திருக்கேன்" என்றார். வாயை மூடினார். மூடினது மூடினதுதான். அன்றைக்கே தெருவில் அவருக்குப் பூட்டு என்று பெயர் விழுந்துவிட்டது.

கறார் என் காதைக் கடித்தார். "என்ன கொண்டு வந்திருக்கார்னு ஏதாவது துப்பு கிடைச்சுதா?"

"கையில ஒரு பை இருக்கு."

"பையில என்ன?"

"டிபன் பாக்ஸ் மாதிரி தெரியுது."

"அப்போ சத்துணவுத் திட்டமா இருக்குமோ?"

அந்த நேரம் பார்த்துப் பூட்டு லேசாக இருமிவிட்டார். டிரைவர் துள்ளி எழுந்தார். "ஐயா, இருமல்தாங்க எங்க தெருவோட பெரிய பிரச்சினை. ஒரு மருத்துவ முகாம் போட்டீங்கன்னா கோடிப் புண்ணியம்." பூட்டின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நிழல்" என்றார் கறார், "நிழலே இல்லைங்க, மரக்கன்று கொடுத்தா நட்டு, பேர் வெச்சு, பிள்ளை மாதிரி வளர்ப்போம்." அவர் நாற்காலியில் நெளிந்தார். நானே எழுந்து, புது நாற்காலிகளின் தேவை குறித்து ஒரு சிற்றுரை ஆற்றினேன். மனிதர் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் மூச்சு முட்டிச் செத்திருப்போம்.

அப்போதுதான் பின்னாலிருந்து தொப்பென்று ஒரு சத்தம்.

சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழுகிற சத்தம் அது. தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

"பூனை" என்றார் கறார்.

"ஆமா, பூனைதான்" என்றார் டிரைவர்.

மறுபடியும் தொப்.

"ரெண்டு பூனை" என்றார் கறார்.

நர்ஸம்மா கடைசி வரிசையில் இருந்தாள். டூட்டி முடிந்து நேரே வந்தவள், யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. எழுந்து நின்றாள். "பூனை இல்லைண்ணே. என் பொண்ணுங்க படுக்கற இடத்துல காரை விழுது. நான் ராத்திரி டூட்டிக்குப் போனா, ஊசி போட வேண்டிய கை போனை எடுத்து எடுத்துப் பார்க்குது. சுவரு விழப்போகுது. இந்த ரெண்டு வார்த்தையைச் சொல்ல இத்தனை பெரிய மனுஷங்க வாய்ல தெம்பு இல்லை."

மருமகளே, அப்போதும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவளைப் பார்க்கவில்லை. பூட்டின் முகத்தைப் பார்த்தோம், சுவர் அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று. அந்த முகம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் இருந்தது.

"சுவருக்கெல்லாம் கொடுப்பாங்களாம்மா? இதுவரைக்கும் கொடுத்ததில்லையே" என்று டிரைவர் மெதுவாக இழுத்தார்.

"இதுவரைக்கும் நாம கேட்டதில்லையே."

"கேட்டுட்டா இடிக்கணுமே. என் அடுப்பு எங்க போகும்?"

"முதல்ல யார் இடிக்கறதுங்கறதுதான் பேச்சு" என்றார் கறார், பேச்சை வேறு யார் தலையிலாவது இறக்கும் அவசரத்தில். "முறைப்படி பார்த்தா நடுவுல இருக்கறது தலைவர் வீட்டு பாத்ரூம். அங்க ஆரம்பிச்சாதான் ரெண்டு பக்கமும் வேலை நகரும்."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் தொண்டையைச் செருமி, மக்கள் ஆட்சியின் தத்துவம் பற்றித் தொடங்கினேன். நர்ஸம்மா பாதியில் வெட்டினாள். "தலைவரே, அதெல்லாம் அப்புறம். ஹீட்டரைக் கழட்டுவீங்களா, மாட்டீங்களா?"

கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுவதாக அறிவித்துவிட்டு, கம்பீரமாக, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியேறினேன்.

அன்றிலிருந்து தெருவில் யாருக்கும் யாரோடும் பேச்சில்லை. டிரைவர் என்னைக் கண்டால் பஸ் திருப்புகிற மாதிரி மொத்த உடம்பையும் திருப்பிக்கொண்டு போகிறார். கறார் கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்து என் பின்கட்டைக் காவல் காக்கிறார். நர்ஸம்மா மட்டும் நேருக்கு நேர் பார்க்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. உன் அத்தை அன்று கூட்டத்துக்கு வரவில்லை, குளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஹீட்டர் என்ற சொல்லை எடுக்கும் துணிவு இந்த உடம்பில் எங்கே தேடினாலும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தொப்பென்று சத்தம் கேட்கிறது. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிடுகிறோம்.

ஆகவே என் விண்ணப்பம். நீ ஓர் உத்தரவு போடு. "பின்கட்டு அறைகள் அனைத்தையும் இடிக்க வேண்டும், இது மேலிடத்து முடிவு" என்று நறுக்கென்று எழுதி, பெரிய முத்திரையாகக் குத்தி அனுப்பு. நாங்கள் ஒற்றுமையாகக் கூடி உன்னைக் கண்டபடி திட்டிவிட்டு, மறுநாளே இடித்துவிடுவோம். யோசித்துப் பார். கறார் சொல்லி நான் இடித்தால் ஆயுள் முழுக்க அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும். நான் சொல்லி டிரைவர் இடித்தால் அவர் பஸ்ஸில் எனக்கு ஜென்மத்துக்கும் சீட்டு கிடைக்காது. நீ சொல்லி இடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் வசவு அத்தனை தூரம் உன் காதில் விழாது. தூரத்தில் இருப்பவர் முடிவு செய்வதில் இருக்கும் இந்த மகத்தான வசதியைத் தெரியாமல் நீங்கள் ஒழித்துக்கட்டிவிட்டீர்கள். எங்கள் தேவை எங்களுக்குத் தெரியும் என்று சொன்னாயே, தெரியும்தான். தெரிந்ததைப் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் தெரியவில்லை.

நீ நீடூழி வாழ்க. உன் மேலதிகாரிகள் உனக்கு அஞ்சி வாழ்க. எங்கள் சுவரின் விரிசல்போல் உன் சம்பளம் நாளுக்கு நாள் அகன்று பெருகுக. உன் அம்மாவிடம் நான் இளைத்துவிட்டதாகச் சொல்லு. சுவரைப் பற்றி மூச்சு விடாதே.

இப்படிக்கு,
பதவியும் குளியலறையும் ஒருசேர ஆட்டம் கண்டிருக்கும்
உன் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரியையும் பொருட்படுத்தாதே. உத்தரவு கித்தரவு எதுவும் போட்டுத் தொலைக்காதே. உறையை ஒட்டப்போய் நிமிர்ந்தால் எதிரே உன் அத்தை.

"யாருக்கு லெட்டர்?"

"அக்கா பொண்ணுக்கு. சும்மா, சௌக்கியமான்னு கேட்டு."

"இடிக்கச் சொல்லி உத்தரவு கேட்டுத்தானே?" கூட்டத்தில் நடந்ததையெல்லாம் நர்ஸம்மா சொல்லிவிட்டிருக்கிறாள், மீதியை என் முகமே சொல்லிவிட்டது. "அந்தப் புள்ளைங்க அதுக்கு அடியில படுத்திருக்கறப்ப நான் வெந்நீர்ல குளிச்சா எனக்கு உடம்பு எரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க?"

கேட்கவில்லை. உங்கள் அறக்கட்டளை முன்பு செய்த மாதிரியே நானும், அவளுக்கு என்ன வேண்டும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன்.

முதலில் சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். சங்கத்து அறையைத் திறந்து புத்தக அலமாரிகளைத் தெருவில் இழுத்தாள். அந்தக் கிறீச்சொலிக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பின்கட்டு அறைகளுக்குள் சுவரின் அடியில் தையல் மெஷின்களை நிறுத்தி, அலமாரிகளைச் சாய்த்து, பெயர்ப்பலகைகளைப் பட்டையாக வைத்து இறுக்கினோம். பிறகு உன் அத்தை, தானே தேர்ந்தெடுத்த பூப்போட்ட ஓட்டில் முதல் கடப்பாரையை இறக்கினாள். "தலைவர் வீட்டு ஹீட்டரே போச்சு, அப்புறம் என் அடுப்பு என்ன பெரிய அடுப்பு" என்று டிரைவர் கூரையில் ஏறினார். கறார் தன் சாமான் அறையை, ஆணியை ஆணியாக எண்ணி எடுத்துவைத்து, ஒழுங்காக இடித்தார்.

இரண்டாவது கூட்டம் இருக்கும் என்று எண்ணி அன்று வந்த பூட்டு, பையும் கையுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அலமாரி நழுவியது. "ஐயையோ, பிடிங்க, பிடிங்க" என்று அலறிக்கொண்டு டிபன் பாக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோளைக் கொடுத்தார். விதியை மீறி வாய் திறந்துவிட்டதாக உனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுவார். மன்னித்துவிடு.

இது தற்காலிக முட்டுதான். நிரந்தரமாகக் கட்ட உங்கள் உதவி வேண்டும். என்ன, எங்கே, எப்படி என்பதை நர்ஸம்மா எழுதுவாள். இப்போது அவள்தான் தலைவர். என்னை ஏகமனதாக இறக்கிவிட்டார்கள். என் ஓட்டையும் உன் அத்தையே போட்டுவிட்டாள். முதல் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புவதற்குக் காரணம், அதில் சில வாக்கியங்கள் நன்றாக அமைந்துவிட்டன.

தங்கள் அறையும் இடிபட்டுவிட்டதால் இரட்டையர் எங்கள் வீட்டில், என் மேசையின் மறுபாதியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டது. மற்ற எல்லோரும் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை தொப்பென்று எதுவும் விழவில்லை. உங்கள் அறக்கட்டளையின் பெயர்ப்பலகை சுவரோடு ஒட்டித் தலைகீழாக நிற்கிறது. இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக அது எதையோ தாங்குகிறது.